எம்.ஓ.டி. செய்தாச்சோ மச்சான்?

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். கல்லூரியில் நான் உருப்படியாகச் செய்தது பட்மின்டன் இரட்டையர் ஆட்டம் ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு செக் நாட்டுக்காரரிடம் போய்வர வேண்டியிருக்கிறது.

2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா. வெம்ப்ளியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் குடும்பமே உட்கார்ந்திருந்தது. செக் அணி நீல நிற றப்பர் பூட்ஸும் குடையுமாக வந்தது. லண்டன் மழைக்குப் பகிடி. "வயலுக்கு இறங்கப் போகினம் போல" என்றார் அம்மா. முன்னால் கொடி பிடித்து வந்தவர் பெட்ர் கௌகல் என்ற பட்மின்டன் வீரர். ஐஸ் ஹொக்கியும் கால்பந்தும் டென்னிஸும் கொண்டாடும் நாட்டில் பட்மின்டன்காரர் கையிலா கொடி என்று எனக்கு ஆச்சரியம். அப்புறம்தான் தேடி வாசித்தேன்.

1985இல் ஹொர்ஜோவிட்சே என்ற சிறிய ஊரில் பிறந்தவர். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக். 2010இல் விதைப்பைப் புற்றுநோய். அப்போது வயது 24. சிகிச்சை முடித்துத் திரும்பவும் மட்டையைத் தூக்கி, இரண்டே வருடத்தில் லண்டனுக்கு வந்திருக்கிறார். ஆட்டங்கள் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வெம்ப்ளி அரீனாவில். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அவரும் குழுச் சுற்றோடு வெளியேறினார். 2016இல் ரியோவுக்கும் போனார். பதக்கக் கணக்குப் பார்த்தால் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவர் தன் பெயரில் ஒரு நிதியம் தொடங்கி, இளம் ஆண்களிடம் நேரே போய், "தடவிப் பாருங்கள், கட்டி தெரிந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் போங்கள்" என்று பேசத் தொடங்கினார். இயக்கத்துக்கு வைத்த பெயர் 'ஆண்களுக்கு எஸ்.டி.கே.' அங்கே வாகனங்களைப் பரிசோதிக்கும் நிலையத்துக்கு எஸ்.டி.கே. என்று பெயர், பிரித்தானியாவில் நமக்கு எம்.ஓ.டி. எப்படி, அவர்களுக்கு அது அப்படி. காரைத் தவறாமல் காட்டுகிறவன் தன்னைக் காட்டுவதில்லை. நல்ல பகிடி என்று ரொரன்ரோவில் இருக்கும் என் பழைய பட்மின்டன் ஜோடிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை.

எங்கள் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரையில்லாத மைதானம், சுண்ணாம்புக் கோடு, பின்னேரக் காற்று. இறகு உடைந்த ஷட்டில்கொக்கைப் பசை போட்டு ஒட்டி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். நான் வலைக்கு முன்னால், அவன் பின்னால். முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அடி முகத்தில்தான் விழும். "விடு" என்று அவன் கத்தினால் நான் விட்டுவிடுவேன். அது வெளியேதான் போய் விழும். மூன்று வருடத்தில் அவன் பிழையாகச் சொன்னது இரண்டு தடவை. ஒன்று இறுதி ஆட்டத்தில். அதை இங்கே எழுதாமல் விட மனமில்லை.

அன்று தொலைபேசியில் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மச்சான், எனக்கும் ஒரு கட்டி இருக்கு. அஞ்சு மாசமாச்சு" என்றான். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். நான் என்னென்னவோ திட்டினேன். அடுத்த வாரம் டொக்டரிடம் போனான். அதேதான். இந்தப் புற்றுநோய் நேரத்தோடு பிடிபட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும், அவனுக்கும் குணமானது.

2024இல் ஒலிம்பிக் பாரிசுக்கு வந்தபோது பட்மின்டன் அரங்கம் போர்ட் து லா ஷப்பெல்லில். நம் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வடக்கே, கொஞ்சத் தூரம்தான். அவன் ரொரன்ரோவிலிருந்து வந்தான். காலையில் இடியப்பமும் சொதியும், பிறகு அரங்கத்துக்கு. செக் நாட்டுக்காக ஒந்த்ரெய் க்ராலும் ஆடம் மென்ட்ரெக்கும் ஆண்கள் இரட்டையரில் இறங்கினார்கள். எதிரே உலகின் முன்னணி ஜோடிகள். இவர்களும் குழுச் சுற்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள், தோற்ற புள்ளிக்கும்தான்.

ஒரு கொக் பின்கோட்டை நோக்கி உயரப் போனது. பக்கத்தில் இருந்தவன் வாய்க்குள்ளேயே "விடு" என்றான்.

உள்ளே விழுந்தது.