சின்ன ஆபரேஷன்தானேம்மா?

2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை எனக்குக் கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன். மறுநாள் மத்தியானம் ஆபீசிலிருந்து போன். உள்ளே வைத்திருந்த பஞ்சுத் துணியை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள், யூரின் பை கட்டிலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. "டேலி பாஸ்வேர்டு என்னம்மா?" டேலி என்பது நாங்கள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். சொன்னேன். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, "ஸாரி சார், எழுதி வைக்க மறந்துட்டேன்" என்று மன்னிப்பு வேறு கேட்டேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 46, இரண்டும் சுகப்பிரசவம். கர்ப்பப்பை இறக்கம் எனக்கு ஒரே நாளில் வந்ததில்லை. சாயங்காலம் ஆனால் கீழே ஏதோ தொங்குகிற மாதிரி கனமாக இருக்கும், இருமினால் சொட்டும், கடைசிக் கடைசியில் கையால் உள்ளே தள்ளிவிட்டால்தான் சிறுநீர் முழுசாகப் போகும் என்ற நிலை. இதை இரண்டு வருடம் என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. ஆபீசில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி மாட்டுவதும் நான்தான், அதையும் விடவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு மூன்றாம் நிலை என்றார். நார்க்கட்டிலில் கயிறு தொய்ந்தால் மேலே படுத்திருப்பது கீழே இறங்குமல்லவா, அப்படித்தான் இடுப்புக்கு அடியில் தாங்குகிற தசை தொய்ந்துவிட்டது என்று விளக்கினார். முதலில் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு ரிங் வைத்துப் பார்த்தார்கள், எனக்கு அது நிற்கவில்லை. அப்புறம்தான் ஆபரேஷன். கீழ் வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, கூடவே இறங்கியிருந்த மூத்திரப்பையைத் தூக்கித் தைத்தார்கள். வயிற்றில் ஒரு கீறல் இல்லை. பின்னால் அதுவே எனக்கு வினையாக வந்தது, கட்டு இல்லை, தழும்பு இல்லை, பார்க்க வந்தவர்களெல்லாம் "ஆளு நல்லாத்தானே இருக்க" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

லீவு கேட்கும்போது நான் செய்த தப்பு ஒன்று உண்டு. முதலாளி ஆம்பளை, மேனேஜர் ஆம்பளை, என்னவென்று சொல்வது? "வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன் சார், ஆறு வாரம் ரெஸ்ட் சொல்லியிருக்காங்க" என்றேன். சின்ன ஆபரேஷனுக்கு எதற்கு ஆறு வாரம் என்று கணக்குத் தெரிந்த எவரும் கேட்பார்கள். முதலாளியும் கேட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரம்மா சொன்னதை என் மகள் எழுதிக்கொண்டாள். ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, குடம், சிலிண்டர் பக்கம் மூன்று மாதம் போகவே கூடாது. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. முக்கக் கூடாது, அதற்குத்தான் ராத்திரி லாக்டுலோஸ் சிரப். ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்காராதே, நில்லாதே. காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, ரத்தப்போக்கு அதிகமானால் உடனே வா. உள்ளே போட்ட தையல் தானாகக் கரையும், கரையும்வரை கசிவு இருக்கும். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு, 30-ம் தேதி ஆடிட் ரிப்போர்ட் என்பது அந்தத் தாளில் இல்லை.

இன்னொரு கூத்து. ஜி.எஸ்.டி. தளத்தில் கொடுத்திருந்த போன் நம்பர் என்னுடையது, தாக்கல் செய்ய ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். "யாரு நம்பர் குடுத்தா என்ன, நீதானேம்மா பாக்கப்போற" என்று ஆரம்பத்தில் கொடுத்தது அப்படியே நின்றுவிட்டது. 11-ம் தேதி மத்தியானத்திலிருந்து இரவு ஒன்பது வரை ஓ.டி.பி. சொல்லிக்கொண்டே இருந்தேன். கூட வேலை பார்க்கும் பெண் பாவம், "அக்கா எக்ஸ்பைர் ஆயிடுச்சு, இன்னொண்ணு வரும்" என்பாள். போனைச் சைலண்ட்டில் போட்டால் மனசு கேட்காது, போடாவிட்டால் தூக்கம் வராது. அணைத்துவைத்த ஒருநாள் வீட்டுக்காரர் நம்பருக்கு அடித்தார்கள்.

22-ம் தேதி ஆபீஸ் பையன் பில் ஃபைல் இரண்டு பண்டலும் லேப்டாப்பும் கொண்டுவந்து வீட்டுத் திண்ணையில் இறக்கினான். "சார் குடுத்துட்டு வரச் சொன்னாருக்கா." யாரும் கத்தவில்லை, மிரட்டவில்லை, ஆனால் அந்தப் பண்டலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மர நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாடிக்கையாளர் பாக்கியையெல்லாம் சரிபார்த்தேன். எழுந்தபோது அடியில் இழுத்துப் பிடித்த மாதிரி வலி. ராத்திரி பேட் நனைந்து சிவப்பாக வந்தது. காலையில் ஆட்டோவில், மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் பிரியவில்லை, நல்லவேளை. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்க ஆபீசுக்கு இது என்ன ஆபரேஷன்னு தெரியுமா?"

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சிங்காரத்தோப்பு அம்மா ஒருவர் இருந்தார், அவருக்கும் இதே ஆபரேஷன், முப்பது வருடம் தலையில் மீன் கூடை. நான் போனில் "சார், சார்" என்பதைக் கேட்டுவிட்டு, "உனக்காவது லீவு குடுக்க ஒருத்தன் இருக்கான், எனக்கு நானே குடுத்துக்கணும்" என்று சிரித்தார். அந்த ஞாபகம் அன்று ஆட்டோவில் வந்தது. லீவு என் கையில் இருக்கிறது, நான்தான் அதை எடுக்கவில்லை.

எனக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு, உண்டு. சம்பளம் 16,500, மாதம் 124 ரூபாய் பிடித்தம், அது 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. எல்லாருக்கும் 15-ம் தேதிக்குள் கட்டுவதே நான்தான். ஆனால் எனக்கென்று அதைத் திறந்து பார்த்ததில்லை. நோய்க்கால பணப்பலன் என்று ஒன்று, வருடத்துக்கு 91 நாள் வரை, சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், அதற்கு முந்தைய ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. டாக்டர் சான்று முதலில் ஒன்று, நடுவில் தொடர்ச்சியாக, கடைசியில் வேலைக்குத் தகுதி என்று ஒன்று, விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர்தான் அலைந்தார், இரண்டு தடவை நகல் எடுக்க மறந்து திரும்பவும் அலைந்தார். எனக்கு நாளுக்கு 385 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது.

இதைப் படிக்கப் போனபோதுதான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. இந்தப் பலன் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது அப்போது நடப்பிலிருந்த 1948-ம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ம் பிரிவு. இன்னொன்று, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நாளுக்கு இந்தப் பணம் கிடையாது. இரண்டாவதுதான் எங்கள் முதலாளிக்குப் புரியும் பாஷை என்று தோன்றியது. நான்கு தடவை அடித்து அழித்து, ஐந்தாவது தடவை இப்படி அனுப்பினேன்:

"சார், எனக்கு நடந்தது கர்ப்பப்பை இறக்கத்துக்கான ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்து, மூத்திரப்பையைத் தூக்கித் தைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஃபைல் பார்த்ததில் ரத்தப்போக்கு அதிகமாகி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. டாக்டர் அக்டோபர் 29 வரை ஓய்வு எழுதியிருக்கிறார், சான்று இணைத்துள்ளேன். நான் இ.எஸ்.ஐ. பணம் வாங்கும் நாட்களில் ஆபீஸ் வேலை பார்த்தால் நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனில் இரண்டு பேருக்கும் சிக்கல். ஜி.எஸ்.டி. தளத்தில் போன் நம்பரை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளவும், அதற்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை."

அனுப்பிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். கை நடுங்கியது. சாயங்காலம் பார்த்தால் "ஓகேம்மா" என்று மட்டும் இருந்தது. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, "இவ்ளோ நாள்னா வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்மா" என்று ஆழம் பார்த்தார். "தற்காலிகமா போடுங்க சார், எனக்கும் வந்ததும் உதவியா இருக்கும்" என்றேன். 73 பற்றி வாயைத் திறக்கவில்லை, தெரிந்து வைத்திருந்ததே குரலில் வந்திருக்கும்போல. அதன் பிறகு ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்து 30-ம் தேதி வேலையை முடித்தான். நான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது மூன்று நாளில் முடிந்ததில் கொஞ்சம் வருத்தம்கூட.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஏப்ரலில் எல்லாருக்கும் இன்கிரிமென்ட் வந்தது, எனக்கு வரவில்லை. கேட்டதற்கு முதலாளி "பாக்கலாம்மா" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அக்டோபர் 30 வேலைக்குப் போனேன். தண்ணீர் கேன் இப்போது பையன் வேலை. மாடிப்படியில் ஒருதடவை ஏறினால் மத்தியானம் வரை இறங்குவதில்லை. பெரிய தொல்லை ஆபீஸ் டாய்லெட், உட்கார்ந்து எழும் பழைய மாதிரி. மெடிக்கல் கடையில் கேட்டு, அதன்மேல் வைத்து உட்காரும் பிளாஸ்டிக் கமோட் ஸ்டூல் ஒன்றை வாங்கிப் போட்டேன். யாருடையது என்று பையன் கேட்டான், என்னுடையது, ஆபரேஷன் ஆனது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, பேக்கிங் பக்கத்து அக்கா கணக்கு மேசைக்கு வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த ஸ்டூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எனக்கும் மூணு வருஷமா இருக்குடி என்றார். இ.எஸ்.ஐ.யில் காட்டினீங்களா என்றேன். அதற்கு நம்பர் எல்லாம் வேண்டுமாமே, எனக்கேது என்றார். மாசாமாசம் அவர் பெயருக்குப் பணம் கட்டுகிறவள் நான். லிஸ்டைத் திறந்து, அவர் நம்பரை ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.