இருபதுக்கு மேலே

ஏப்ரல் 12, சனி

சொட்டு மருந்து இரண்டாம் நாள். இடது காது அடைத்தே கிடக்கிறது. கடலில் குளித்துவிட்டுத் தண்ணீர் ஏறியது மாதிரி. தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒற்றைக் காலில் குதித்தும் பார்த்தேன். "குறும்பிதான் தாயி, ஊறி வந்துரும்" என்கிறாள் அம்மா. டாக்டரும் அதையேதான் சொன்னார், காதுக்குள் வெளிச்சம் அடித்துக்கூடப் பார்க்காமல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

உள்ளே ஒரு குக்கர் விசில். அடங்கவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. 61 நாள். விசைப்படகெல்லாம் வடகடலில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. விடியக்காலையில் கண் விழித்தபோது ஒரு இஞ்சின் சத்தமும் இல்லை. வருஷா வருஷம் இந்த அமைதி வரும்போது மனசு இளகும். இன்றைக்குக் கை நடுங்கிவிட்டது. வலதும் போய்விட்டதோ என்று கட்டிலில் உட்கார்ந்தபடி விரலைச் சொடுக்கினேன். வலதில் கேட்டது. இடதில் தோல் உரசுவது மட்டும் தெரிகிறது, சொடுக்கு இல்லை.

பெரியம்மாவின் தம்புராவை உறை கழற்றி எடுத்தேன். உப்புக்காற்று பட்டு மந்தரத் தந்தியில் பச்சை பூத்திருந்தது. துடைத்து, ஐந்து கட்டைக்குச் சுருதி சேர்த்து, குதிரையில் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். மந்தரத்தை மீட்டினால் அது பாட்டுக்கு அந்தர காந்தாரம் பேசும். சின்ன வயதில் பெரியம்மா மடியில் படுத்துக்கொண்டு, "காந்தாரத்துக்குத் தந்தி எங்க பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறேன். தந்தி ஐந்து பாகமாகப் பிரிந்து அதிரும்போது பிறக்கிற ஸ்வரம் அது. பாதியில் மேல் ஸா, மூன்றில் ஒன்றில் பா, நான்கில் ஒன்றில் இன்னொரு ஸா, ஐந்தில் ஒன்றில் காந்தாரம். பிறகு ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருக்கும்.

வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்டேன். காந்தாரம் இருக்கிறது. அதற்கும் மேலே ஒரு மினுக்கம் இருக்குமே, வெயிலில் அலைநுனி மாதிரி, அதைக் காணோம்.

ஏப்ரல் 16, புதன்

மதுரை. குறும்பி இல்லை. நரம்பு.

"அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா" என்றார் புது டாக்டர். ஐந்து நாள். சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு, ஊறி வரும் ஊறி வரும் என்று ஐந்து நாள். முதல் இரண்டு வாரம்தான் முக்கியமாம். ஸ்டீராய்டு மாத்திரை, காலையில் சாப்பிட்டதும். போதாவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி.

ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நொடிக்கு 250 அதிர்வு, பிறகு 500, 1000, 2000, 4000, 8000. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. ஐந்து ஸ்தாயி ஏறுகிறார்கள். வலது காதின் கோடு மேலேயே நேராகப் போகிறது. இடது, 1000 வரை 25 டெசிபலுக்குள் (எண் கூடக் கூடக் கேள்வி மோசம்). 2000-இல் 50. 4000-இல் 70. 8000-இல் நான் பொத்தானை அழுத்தவே இல்லை.

ரயிலில் திரும்பும்போது டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். என் மந்தரத் தந்தி நொடிக்கு 98 அதிர்வு. அது இருபது பாகமாகப் பிரிந்து அதிர்ந்தால் இருபது மடங்கு, 1960. ஆக, இருபதுக்கு மேலே இருப்பதெல்லாம் இடப்பக்கம் மங்கல். நாற்பதாவதைத் தொட்டால் இருட்டு.

வரிசையில் இருபது உறுப்பு இருக்கிறதே, போதாதா?

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். எதிர்வீட்டு மதினி பூசைக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: வானவர் கீதத்துக்கு அடித்ததோடு சரி, இனி சனி ராத்திரி வரைக்கும் மணி கிடையாது, மரக்கட்டைதான்.

ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

நள்ளிரவில் மணி அடித்தார்கள். தூங்காமல் காத்திருந்தேன். மாடியில் நின்றுகொண்டு காதை மாற்றி மாற்றிப் பொத்திக் கேட்டேன். வலதில் முழு மணி. இடதில் நாக்கு வந்து இடிக்கிற அந்த முதல் பளீர் இல்லை, பின்னால் வருகிற ஊங்காரம் மட்டும். யாரோ கம்பளிக்குள் வைத்து அடிக்கிறார்கள்.

மணி தம்புரா மாதிரி இல்லை. 1, 2, 3 என்ற வரிசைக்கு அது அடங்காது. அதன் முக்கியமான ஸ்வரத்துக்கு மேலே ஒரு சாதாரண காந்தாரம், அந்தரத்தைவிட இறங்கிய காந்தாரம், நிற்கும். அந்த வரிசையில் அதற்கு இடமே இல்லை. மணியோசையில் எப்போதும் ஒரு துக்கம் தெரிவது அதனால்தான் என்று நினைக்கிறேன். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினாலும் வரிசைக்கு வராது: 1, 1.59, 2.14 என்று கன்னாபின்னாவென்று போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணையைப் பூசிப் பூசி அதை 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் நிறுத்திவிட்டார்கள் நம் ஆட்கள். சி. வி. ராமன் அதைக் கண்டு 1920-இல் எழுதினார். எத்தனை தலைமுறை காதுகள், கையில் எந்தக் கருவியும் இல்லாமல், சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து தேய்த்துத் தேய்த்துக் கேட்டிருக்கும்! எல்லாம் இரண்டு காதும் உள்ளவர்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய், பின்னிரவு 2.30

மாத்திரை தூங்கவிடுவதில்லை. பசி வேறு. பழைய சோற்றைத் தேங்காய்த் துவையலோடு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மேசை விளிம்பில் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தேன். நான்கு பிரதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதைப் பாதி வெளியே தள்ளலாம். அதற்கடுத்ததை நான்கில் ஒரு பங்கு. அடுத்தது ஆறில், அடுத்தது எட்டில். கூட்டினால் 25/24. அதாவது மேல் புத்தகம் முழுசாக மேசைக்கு வெளியே, அந்தரத்தில். அதன் உள்விளிம்பிலிருந்து நேராகக் கீழே நூல் விட்டால் மேசை மேல் படாது. மூன்று தடவை சரிந்தது. நான்காவது தடவை கொஞ்சம் உள்வாங்கி வைத்தேன், நின்றது. நின்றபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், விளிம்பிலிருந்து ஒரு மயிரிழைதான் பாக்கி.

31 புத்தகம் இருந்தால் இரண்டு புத்தக நீளம் வெளியே நீட்டலாம். புத்தகம் மட்டும் தீராமல் இருந்தால் இங்கிருந்து கடலைத் தாண்டி மண்டபம் வரைக்கும் நீட்டலாம், பாலமே வேண்டாம். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகிற கூட்டல் எங்கேயும் நிற்பதில்லை. ஆனால் அது நகர்கிற நகர்வு! 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்பு வேண்டும். 100-ஐத் தாண்ட வேண்டுமானால் ஒன்றுக்குப் பின்னால் 43 சுழி போடுகிற அளவு.

நம் பாடநூலில் இதற்கு இசைத் தொடர் என்று பேர். எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு தந்தியை வகுப்புக்குக் கொண்டுபோய் மீட்டிக் காட்டவில்லை.

அம்மா விழித்துவிட்டாள்.

ஏப்ரல் 23, புதன்

4000-இல் 60. பத்து ஏறியிருக்கிறது!

ஏப்ரல் 25, வெள்ளி

அண்ணன் கப்பலிலிருந்து பேசினான். வலது காதில் வைத்தேன். அவன் குரல் கட்டைக்குரல், அடியில் 110 அதிர்வு இருக்கும். சாதா போன் லைனில் 300-க்குக் கீழே பெரும்பாலும் வருவதில்லை. ஆனாலும் அந்தக் கட்டைக்குரல் அப்படியே கேட்கிறது. 330, 440, 550 என்று வருவதை வைத்து, இதெல்லாம் 110-இன் பிள்ளைகள் என்று மூளை கண்டுபிடித்து, இல்லாத அடியைத் தானே போட்டுக்கொள்கிறது.

அடி போனால் நுனி சொல்லிக் கொடுக்கிறது. நுனி போனால் அடி ஏன் சொல்லக் கூடாது? ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 20 வரை வந்தால் 21 இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். காதுக்குத் தெரியவில்லை.

அவனிடம் காதைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மா தட்டு கேட்டாள். நான் கீரைக்கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டு, கட்டு, பட்டு எல்லாம் எனக்கு இடப்பக்கம் ஒன்றுதான். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

55.

போன வாரம் 10 ஏறியது, இந்த வாரம் 5. மாத்திரையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். ஊசி ஒன்று போட்டார்கள். படுக்கவைத்து, காது மேலே பார்க்க, அரை மணி நேரம் எச்சில் விழுங்கக் கூடாது. தொண்டைக்குள் கசப்பு இறங்கியது.

10, 5, அடுத்து என்ன? பாதி பாதியாகத்தான் குறையும் என்றால் 10, 5, 2.5, 1.25… ஆயுசு முழுக்கக் கூட்டினாலும் 20-ஐத் தாண்டாது. 50-இல் நின்றுபோவேன். அப்படியில்லாமல் 10, 10/2, 10/3, 10/4 என்று போனால் அதற்கு எல்லை கிடையாது, மெதுவாகவேனும் வந்துகொண்டே இருக்கும். இரண்டு வரிசைக்கும் முதல் இரண்டு எண் ஒன்றுதான். மூன்றாவதில்தான் பிரிகின்றன: 2.5 அல்லது 3.33.

டாக்டரிடம் இதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. உடம்பு எந்த வரிசைக்கும் கட்டுப்பட்டதில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மூன்றாவது எண் வேண்டும் எனக்கு.

மே 3, சனி

திருத்தும் பணிக்குப் போகாமல் மெடிக்கல் லீவில் இருப்பது தெரிந்து பையன்கள் பார்க்க வருகிறார்கள். இன்றைக்குக் கரைப்பக்கம் நடந்தபோது அவனைப் பார்த்தேன், பிளஸ் ஒன் எழுதியவன். ஓலைப்பந்தலுக்குக் கீழே அப்பாவோடு உட்கார்ந்து வலை ஊசியால் அறுந்த கண்களைக் கோத்துக்கொண்டிருந்தான். எழுந்து வலப்பக்கமாக வந்து நின்றான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டீச்சர், சின்னதாகிக்கிட்டே போறது எப்படி டீச்சர் முடிவில்லாமப் போகும்? இன்னும் எனக்குப் பிடிபடலை."

மணலில் எழுதிக் காட்டினேன். 1350 வாக்கில் நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் செய்தது. 1/3-ஐயும் 1/4-ஐயும் சேர்த்தால் அரையைவிடக் கூடுதல். அடுத்த நாலு, 1/5-லிருந்து 1/8 வரை, ஒவ்வொன்றும் எட்டில் ஒன்றுக்குக் குறையாதது, ஆக மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டு, மறுபடி அரை. அரை, அரை, அரை. அரைக்குப் பஞ்சமே இல்லை. அவன் முகம் விரிந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு ஏனோ அதையும் சொன்னேன். 1914-இல், நம் பழைய பாம்பன் பாலம் திறந்த அதே வருஷம், கெம்ப்னர் என்பவர் ஒரு காரியம் செய்தார். இந்த வரிசையில் 9 என்ற இலக்கம் வருகிற எண்களை மட்டும் தூக்கிவிட்டார். 9, 19, 29, 90… மற்றதெல்லாம் இருக்கட்டும். அவ்வளவுதான். தொடர் அடங்கிவிட்டது. மிஞ்சியது எட்டு ஓரிலக்க எண், கூட்டல் 8-க்குள். 72 ஈரிலக்க எண், ஒவ்வொன்றும் பத்தில் ஒன்றுக்கு மேற்போகாது, 7.2-க்குள். அடுத்தது 6.48-க்குள். ஒவ்வொரு படியும் பத்தில் ஒன்பதாகத் தேய்ந்து, மொத்தம் 80-ஐத் தாண்டவே முடியாது. உண்மையில் 23-ஐக்கூட எட்டுவதில்லை.

"ஒரே ஒரு இலக்கந்தான டீச்சர்?"

நூறுக்குள் பார்த்தால் 19 எண்தான் போகிறது. ஒரு கோடிக்குள் பார்த்தால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. எண் நீள நீள, எங்காவது ஒரு 9 இல்லாமல் இருப்பதே அபூர்வம். கொஞ்சம்தானே என்று விட்டது முக்கால்வாசியையும் கொண்டுபோய்விடுகிறது.

அவன் அப்பா அதுவரை பேசவில்லை. மடியில் கிடந்த வலையை விரித்துக் காட்டினார். கை நுழைகிற ஒரு ஓட்டை. "இதுல நாலு கண்ணுதான் டீச்சர் போயிருக்கு. மீன் பூராம் இதுலதான் போகும்."

மே 5, திங்கள்

ரயில் ஊதியது. இடதுக்கு அது வேறு சுருதி. அரைக் கட்டைக்கும் குறைவுதான், ஏறிக் கேட்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் இருந்து, போன மாதம்தான் புதுப் பாலத்தில் ஓட ஆரம்பித்தது. முழுசாக ஐந்து நாள்தான் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். போன் ஓயவில்லை. எல்லாரும் சந்தோஷத்தில் கத்திப் பேசினார்கள், எல்லாம் புரிந்தது.

மே 11, ஞாயிறு

கச்சான் எழும்பிவிட்டது. பனைமரம் இரைகிறது. வீட்டுக்குள் எங்கும் மணல்.

ராத்திரி தம்புரா. சரிபாதியில் தந்தியை மீட்டினால் இரட்டைப்படை உறுப்புகள் எழக் கூடாது, அந்த இடம் அவற்றுக்கு அசையாத இடம். புத்தகக் கணக்கு அப்படி. ஆனால் வளைந்த குதிரையும் ஜீவாளி நூலும் சேர்ந்தால் அவையும் எழும்பி வருகின்றன. ராமன் 1921-இல் இதையும் எழுதியிருக்கிறார். வரக்கூடாதவை வருகின்றன. ஒரு நூலிழை அங்கே இருப்பதால்.

வலதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடுவில் மீட்டினேன். இரண்டு வந்தது. நான்கு வந்தது. பிறகு நூலை மயிரளவு இழுத்தேன். அந்த மினுக்கம் ஒரு கணம் வந்த மாதிரி இருந்தது. இருபதுக்கு மேலேயா, கீழேயா, தெரியவில்லை. மறுபடி மீட்டியபோது இல்லை. பதினேழு தடவை மீட்டினேன். அம்மா வந்து விளக்கை அணைத்தாள்.

மே 13, செவ்வாய்

ஒன்று உறைத்தது. அந்தக் கருவி 5 டெசிபல், 5 டெசிபலாகத்தான் ஏறி இறங்கும். 2.5 ஆனாலும் 3.33 ஆனாலும் அதற்குத் தெரியாது. நாளைக்கு 55 என்றே காட்டலாம், 50 என்றும் காட்டலாம். இரண்டுமே எந்த வரிசையிலும் பொருந்தும்.

அப்படியானால் நாளை கழித்து என்ன செய்வது? மாதாமாதம் போய் உட்கார வேண்டும். ஆறு மாதம். ஒரு வருஷம். புள்ளிகள் சேரச் சேரத்தான் கோடு வளைகிறதா என்று தெரியும்.

மே 14, புதன்

ரயிலில் எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். பாம்பன் பாலம் வந்துவிட்டது, வேகம் குறைகிறது. ஜன்னல் என் இடப்பக்கம். வலது காதைப் பொத்தி