14 வெள்ளி ரவுண்டுகளும் நான் குப்பையில் போட்ட உறைகளும்

மாமா விட்டுச் சென்ற பெட்டியில், காசு போன்ற உருவில் இருந்த 14 வெள்ளி ரவுண்டுகளை எந்தெந்த அமெரிக்கத் தனியார் நாணயச்சாலை அடித்தது என்று கண்டுபிடித்துப் பட்டியலிட எனக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. அதில் பாதிக் காலம், முதல் நாளே நான் செய்த ஒரு காரியத்தால் வீணானது. பழுப்பேறி உள்ளே பச்சைப் பிசுக்குப் படிந்திருந்த பிளாஸ்டிக் உறைகளையும் இரண்டு அட்டைப் பெட்டிகளையும் வெறும் அழுக்கு என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிட்டேன். அந்தப் பச்சை, பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையிலிருந்து கசிவது. அசிட்டோனில் நனைத்தெடுத்தால் வெள்ளியைத் தேய்க்காமலே போய்விடும். ஆனால் உறையில் அச்சிட்டிருந்த நாணயச்சாலைப் பெயர்கள் போனவை போனவைதான்.

முதலில் நான் அணுகிய வியாபாரி, எதிலும் முகமதிப்பு, அதாவது இத்தனை ரூபாய் அல்லது டாலர் என்ற பொறிப்பு, இல்லாததைப் பார்த்துவிட்டு எல்லாம் கள்ளக்காசு என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. அமெரிக்காவில் தனியார் காசு அடித்துப் புழங்கவிடுவதை 1864ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆகவே ரவுண்டு என்பது காசின் உருவில் இருக்கும் வெள்ளிக் கட்டியே தவிர வேறில்லை, அதில் முகமதிப்பு இல்லாதிருப்பதே முறை. 1998 முதல் 'லிபர்ட்டி டாலர்' என்ற தனியார் நாணயத்தை வெளியிட்டுவந்த பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் 2011இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, தம் வெள்ளியைக் காசு போலப் புழங்கவிட்டதால்தான். இரண்டாம் வியாபாரி, நான் தடுப்பதற்குள் ஒன்றை உரைகல்லில் தேய்த்து, விளிம்பில் அரை விரலளவுக்குப் பளபளக்கும் தழும்பை உண்டாக்கிவிட்டு, "சுத்த வெள்ளிதான்" என்றார். நான் கேட்டதோ, அடித்தது யார் என்று.

அதன்பின் நானே இறங்கினேன், இறங்கியவுடன் படத்தை நம்பி ஏமாந்தேன். ஒரு ரவுண்டில் பொன் தேடும் சுரங்கக்காரர் உருவம் இருந்ததால், 1982இல் வெளிவரத் தொடங்கிய எங்கல்ஹார்ட் நிறுவனத்தின் 'பிராஸ்பெக்டர்' என்று பட்டியலில் எழுதி, அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள் என்று மகிழ்ந்தும்விட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது எங்கல்ஹார்ட் என்ற பெயர் அதில் எங்குமே இல்லை. இன்டியானா மாநிலத்து வின்செஸ்டரில் இருக்கும் சில்வர்டவுன் நிறுவனமும் அதே சுரங்கக்காரரை அடித்துவந்தது அப்போதுதான் தெரிந்தது. எருமை உருவம் கொண்ட ரவுண்டுகளின் கதை இன்னும் மோசம்: ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் 1913ஆம் ஆண்டு ஐந்து சென்ட் காசுக்காக வரைந்த உருவத்தைப் பல நாணயச்சாலைகள் எடுத்தாண்டிருக்கின்றன, என்னிடம் இருந்த மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. ஆகவே படத்தை விட்டுவிட்டு, எருமையின் காலடியிலும் எழுத்துகளின் இடுக்கிலும் விளிம்பையொட்டியும் கடுகளவில் இருக்கும் நாணயச்சாலைக் குறியைத் தேட வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் அது நிழல் விழுந்து தெரியும்.

பெயர் தெரிந்தாலும் அது அடித்தவரின் பெயர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேலே சொன்ன லிபர்ட்டி டாலரையே ஐடஹோவில் உள்ள சன்ஷைன் நாணயச்சாலைதான் வெளியீட்டாளருக்காக அடித்துக் கொடுத்தது. அதே சன்ஷைனின் புதிய ரவுண்டுகளில் தனிக் கண்ணாடித் தகடு வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மறைகுறி ஒன்று உண்டு. அது பின்னாளில் சேர்க்கப்பட்டது என்று அறியாமல் ஒரு பழைய ரவுண்டைப் போலி என்று ஒதுக்கி வைத்து, பிறகு மன்னிப்புக் கேட்காத குறையாக எடுத்துச் சேர்த்தேன்.

ஃபிராங்க்ளின் மின்ட் பதக்கம் ஒன்று முதலில் .999 (ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி) பட்டியலில் ஏறியிருந்தது. 1964இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் நிறையப் பதக்கங்களை .925 மாற்றுள்ள ஸ்டெர்லிங் வெள்ளியில்தான் அடித்தது. அந்தச் சொல் முகத்தில் இல்லாமல் விளிம்பின் பக்கச் சுவரில் பொறித்திருந்ததால் எனக்குத் தப்பிவிட்டது.

எஞ்சியது தண்ணீர்ச் சோதனை. தராசில் குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைச் சுழியமாக்கி, ரவுண்டை நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டால், காட்டும் கிராமே கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு. வெள்ளியின் அடர்த்தி 10.49 ஆகையால், 31.1 கிராம் எடையுள்ள ஒரு டிராய் அவுன்ஸ் ரவுண்டுக்கு 2.96 அல்லது 2.97 வர வேண்டும். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசில் இதை முயன்று ஒரு மாலையை வீணாக்கினேன். 0.01 கிராம் காட்டும் தராசு வாங்கிய பிறகும், ஐயமற்ற ரவுண்டு ஒன்று வர வேண்டியதைவிடக் கூடுதலாகக் காட்டிக் கலங்க வைத்தது. குனிந்து பார்த்தால் எழுத்துகளின் பள்ளங்களில் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. தூரிகையால் தட்டிவிட்டதும் 2.97க்கு இறங்கியது. ரவுண்டு குவளையின் அடியைத் தொட்டுவிட்டாலும் கணக்குக் கெடும். பளபளவென்றிருந்த இன்னொன்று மட்டும் எத்தனை முறை தட்டியும் 3.47இலிருந்து அசையவில்லை. அது செம்பின் கணக்கு. அதன் பின்புறத்தில் '.999 வெள்ளி' என்ற எழுத்துகளுக்கு முன்னால் '100 மில்ஸ்' என்று பொடியாக எழுதியிருந்தது. அப்படி எழுதியிருந்தால் அது வெறும் முலாம்.

பதினான்கில் பதினொன்றுக்கு அடித்த நாணயச்சாலையின் பெயர் கிடைத்துவிட்டது, ஒன்று செம்பாகப் போனது. மீதி இரண்டில் குறியே இல்லை. எடையும் தண்ணீர்க் கணக்கும் சரியாக இருப்பதால் அவற்றைப் பட்டியலின் கடைசியில் 'வெள்ளி, அடித்தவர் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். நான் குப்பையில் போட்ட அட்டைப் பெட்டிகளும் இரண்டுதான்.