பிக்கப்பை மாற்றாமல் கிடைத்த ஹாலோபாடி ஒலி

பெரிய பெயர் எதுவும் இல்லாத, ஒட்டுப்பலகை மேப்பிளால் ஆன என் ஹாலோபாடி (உள்ளீடற்ற உடல் கொண்ட) கிட்டாரில், நெடுநாளாகத் தேடிவந்த ஜாஸ் ஒலி இந்த வாரம் வந்துவிட்டது. மீட்டியவுடன் மரத்தைத் தட்டியதுபோல் ஒரு மெல்லிய ‘டப்’, அதன் பின்னால் உருண்டு திரண்டு எழுந்து, அதிகம் நீளாமல் அடங்கிவிடும் சுரம். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பை மாற்றினால்தான் இது நடக்கும் என்று பலரும் சொன்னார்கள். பிக்கப் இன்னும் பழையதுதான். மாறியவை தந்தியும், தந்திகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜும் மட்டுமே. அந்த இரண்டில் பிரிட்ஜுக்குத்தான் பெரும்பங்கு என்பது என் உறுதியான கருத்து.

குறைந்த செலவில் இந்த ஒலியை எட்ட முடியும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றிலேயே ஆதாரம் இருக்கிறது. 1949இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-175, செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகை கொண்ட விலை உயர்ந்த கிட்டார்களைப் போன்றதன்று. அதன் மேற்பலகை அழுத்தி வளைத்த ஒட்டுப்பலகை. தொடக்கத்தில் அதில் இருந்தது பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்; 1957 முதல் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப். ஜாஸ் கலைஞர்களான ஜிம் ஹாலும் ஜோ பாஸும் வாசித்த கிட்டார் அது. அதாவது, நாம் ‘கிளாசிக்’ என்று போற்றும் ஒலியில் ஒரு பெரும்பகுதி ஒட்டுப்பலகையிலிருந்து பிறந்ததே. மலிவான ஹாலோபாடி கிட்டார்களும் அதே வகைப் பலகையில்தான் செய்யப்படுகின்றன என்பதால், அடித்தளம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது.

தந்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 முதல் 52 வரையிலான (கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஃபிளாட்வவுண்ட் தொகுதி, மூன்றாம் தந்தியும் சுற்றுக்கம்பி உடையது. தட்டை நாடாவாகச் சுற்றப்பட்டிருப்பதால் விரல் உரசும் ஓசை மறைகிறது, உச்ச ஒத்திசைகள் வெகுவாகக் குறைகின்றன. கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டில், சுற்றில்லாத மூன்றாம் தந்திக்காக வெட்டிய பள்ளத்தில் 24 கனமுள்ள தந்தி உட்காராது என்பதால், அந்தப் பள்ளத்தை மட்டும் அரம் கொண்டு அகலப்படுத்த வேண்டியிருந்தது. புதிதாக மாட்டிய ஃபிளாட்வவுண்ட் முதல் சில நாள்கள் சற்றுப் பளீரென்றுதான் ஒலிக்கும். கைபட்டுப் பழகிய பிறகே அதன் உண்மையான நிறம் தெரியும்.

இனி பிரிட்ஜ். கிட்டாரோடு வந்தது டியூனோமேட்டிக் என்ற உலோக வகை. அதன் அடிப்பாகம் மேற்பலகையின் வளைவோடு பொருந்தவே இல்லை. இரண்டு பாதங்களின் வெளி விளிம்புகள் மட்டுமே பலகையைத் தொட்டன. உள்பக்கத்தில் ஒரு தாளைத் தடையின்றி நுழைக்க முடிந்தது. பலகையில் பொருத்தப்படாமல் தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்கும் மிதக்கும் பிரிட்ஜில், தந்தியின் அதிர்வு பலகைக்குள் இறங்கும் வழி அந்தப் பாதங்கள் மட்டுமே. அந்த இரண்டு சிறிய பரப்புகளும் முழுமையாகப் படியாவிட்டால், ஹாலோபாடி வைத்திருந்தும் அதன் உடல் ஒலியில் கலக்காது. பிரிட்ஜின் மேல், தந்தி படியும் பகுதிதான் சேடில். உலோக சேடில் தந்தியின் ஆற்றலைத் தக்கவைத்துச் சுரத்தை நீட்டுகிறது. மரச் சேடில் அதில் ஒரு பங்கை விழுங்கி, தொடக்கத்தை மென்மையாக்கிச் சுரத்தை விரைவில் அடக்குகிறது. நான் தேடியது இரண்டாவது குணம் என்பதால், கருங்காலியில் செய்த சேடிலும் அடிக்கட்டையும் வாங்கினேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கருங்காலி என்ற பெயரில் சாயம் ஏற்றிய வேறு மரமும் விற்பனைக்கு வருகிறது. பாதத்தின் அடியில், எப்படியும் தேய்த்து எடுக்கப்போகும் இடத்தில், பிளேடால் சற்றுச் சுரண்டினால் உள்நிறம் தெரிந்துவிடும். சேடிலை அடிக்கட்டையின் மேல் தாங்கும் கம்பத் திருகுகளின் இடைவெளியையும் அளந்துகொள்ள வேண்டும். அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் ஒன்றில் ஒன்று போகாது. மூன்றாம் தந்தி சுற்றுடையதா இல்லையா என்பதற்கேற்பச் சேடிலின் படிகளும் மாறும். சுற்றுள்ள மூன்றாம் தந்திக்கான சேடிலில், இரண்டாம் தந்தி பின்வாங்கிய பிறகு மூன்றாவது மீண்டும் முன்னே வரும். இதைப் பார்க்காமல் வாங்கினால் மேல் ஃபிரெட்களில் சுருதி ஒருபோதும் சேராது.

பாதங்களைப் பலகையோடு படியவைக்கும் வேலைதான் இந்த முயற்சியின் உயிர்நாடி. பிரிட்ஜ் நிற்கும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்து, அதன் மேல் 80 எண் உப்புத்தாளை மணல்பக்கம் மேலாக ஒட்டி, அடிக்கட்டையைத் தந்தியின் திசையில் சிறிது தூரம் மட்டும் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். படிக்க எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் ஒரு நுட்பச் சிக்கல் இருக்கிறது. கட்டையின் மேற்பகுதியைப் பிடித்துத் தள்ளினால் அது ஒவ்வொரு இழுப்பிலும் முன்னும் பின்னும் சாய்ந்து, பாதத்தின் விளிம்புகளை உருட்டிவிடும். அதனால் விரல்களைப் பாதங்களை ஒட்டித் தாழ்வாக வைத்துத் தள்ள வேண்டும். நான் ஒருபடி மேலே போய், கட்டையின் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்படி ஒரு மரச்சட்டத்தைத் தற்காலிகமாகக் கட்டிவிட்டேன். சட்டம் நீளமாக இருப்பதால் சாய்வு உடனே கண்ணுக்குத் தெரிகிறது, கையும் தானாகத் திருத்திக்கொள்கிறது.

எங்கே படிந்திருக்கிறது, எங்கே படியவில்லை என்று பார்க்க வெளிர்நிற மரத்தில் கார்பன் தாள் உதவும். கருங்காலியில் அதன் கறுப்பு தெரியவே தெரியாது. இதற்கு வெள்ளைச் சாக்பீஸ்தான் சரி. மெல்லிய தாள் ஒன்றில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துப் பலகைமேல் விரித்து, அதன் மேல் கட்டையை வைத்து அழுத்தி எடுத்தால், தொட்ட இடங்களில் மட்டும் வெண்பொடி ஒட்டியிருக்கும். முதலில் வெளி விளிம்பில் நூல்போல் ஒரு கோடு, பிறகு நடுவில் சில திட்டுகள், கடைசியில் பாதம் முழுவதும் ஒரே சீரான வெண்மை. அந்த நிலை வந்ததும் 120, 220 என்று நுண்ணிய தாளுக்கு மாறினேன்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. தந்தி முழு இழுவைக்கு வந்ததும் உள் விளிம்புகளில் மறுபடியும் வெளிச்சம் தெரிந்தது. கம்பங்கள் கட்டையின் ஓரங்களை நோக்கி நிற்பதால், தந்தியின் பாரம் அங்கே இறங்கிக் கட்டையைச் சற்றே வளைக்கிறது. வெறும் கையால் தேய்க்கும்போது அந்த வளைவு இருப்பதில்லை. எனவே கடைசிச் சுற்றுகளில் இரு கட்டைவிரல்களையும் நேராகக் கம்பங்களின் தலையிலேயே வைத்து, பாரம் இறங்கும் அதே இடத்தில் அழுத்திக்கொண்டு தேய்த்தேன். அதன் பின் தந்தி ஏற்றிப் பார்த்தபோது, டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்தும் ஊடுருவவில்லை. ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகாமல் மீட்டியபோதே மாற்றம் தெரிந்தது. கிட்டாரின் முதுகு என் விலாவில் அதிர்ந்ததை முதன்முறையாக உணர்ந்தேன்.

பிக்கப்பில் நான் செய்தது அதைத் தாழ்த்தியது மட்டுமே. நெக் (கழுத்து) பக்கத்து ஹம்பக்கரைத் தந்தியிலிருந்து நன்றாக இறக்கி, தடித்த தந்திகளின் பக்கத்தை இன்னும் சற்று அதிகமாக இறக்கினால், குழம்பிய அடியொலி தெளிகிறது. ஆம்ப்பில் மிட் (இடையொலி) கூடுதலாகவும் ட்ரெபிள் (உச்சவொலி) குறைவாகவும் பேஸ் (அடியொலி) மிதமாகவும் இருக்கின்றன. டோன் குமிழை முழுவதும் மூடிவிடுவதுதான் ஜாஸ் ஒலி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ‘டப்’ ஓசையும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. பாதிக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் இரண்டும் கிடைக்கின்றன.

திட உடல் கிட்டாரிலேயே இந்த உலகத்துக்குள் நுழைந்தவர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் எட் பிக்கர்ட், நெக் பக்கத்தில் ஹம்பக்கர் பொருத்திய டெலிகாஸ்டர் என்ற திட உடல் கிட்டாரில் வாசித்த கார்டுகளின் கனிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஹாலோபாடி வாங்க வழியில்லாதவர்கள் ஃபிளாட்வவுண்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் அந்தத் தொடக்கத் தட்டலுக்கும் விரைந்த அடக்கத்துக்கும் உள்ளீடற்ற உடலும் மரப் பிரிட்ஜும்தான் வேண்டும்.

பலகை உயிர்பெற்றதால் ஆறாம் தந்தியின் ஜி சுரத்தில் ஊளைச் சத்தம் எளிதில் எழுகிறது. வாசிப்பவரின் உடல் ஆம்ப்புக்கும், மேற்பலகையில் ‘f’ வடிவில் வெட்டிய எஃப் துளைகளுக்கும் இடையில் வரும்படி உட்கார்ந்தால் பெருமளவு அடங்குகிறது. சத்தம் கூட்ட வேண்டிய இடங்களுக்காக எஃப் துளைகளின் வடிவில் பஞ்சு வெட்டி வைத்திருக்கிறேன். தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் தந்திகள் தாமாக ஒலிப்பதை இன்னும் சரிசெய்யவில்லை. அங்கே கம்பளித் துணிப்பட்டை ஒன்றைப் பின்னிவிட வேண்டும். ஆனால் அதற்கு முன்பே டோன் குமிழோடு இணைந்து உச்சவொலியைக் குறைக்கும் கெபாசிட்டரை 0.022 மைக்ரோஃபாரடுக்கு மாற்றும் ஆசை வந்துவிட்டது. எஃப் துளை வழியாகத்தான் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும் என்பதால், குமிழ்களுக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு பொட்டின் (மாறு மின்தடையின்) தண்டிலும் வெவ்வேறு நிற நூலைக் கட்டிவைத்திருக்கிறேன். சால்டரிங் முடிந்ததும் அதே நூல்களைப் பிடித்து அவற்றை அவற்றின் துளைக்கே இழுத்துக்கொள்ளலாம்.