அப்பாவின் உணவுக்குழாய் ஆபரேஷன்: எந்த முறை என்று நாங்கள் முடிவெடுத்த விதம்

"சோறு நெஞ்சுலயே நிக்குது கண்ணு" என்று அப்பா என்னிடம் சொன்னது தை மாதக் கடைசியில். அதற்கு முன்பே இரண்டு மாதமாக ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குழம்பு சாதம் ரசம் சாதமாகி, ரசம் சாதம் கஞ்சியானதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. சோறு, இட்லி மாதிரி கெட்டியான சாப்பாடு விழுங்கும்போது நிற்கிறது என்று வீட்டில் யார் சொன்னாலும் தயவுசெய்து மாத்திரையோடு விடாதீர்கள், எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி தெரிந்தது. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய், அதாவது உணவுக்குழாயின் உள்பரப்புச் செல்களில் தொடங்கும் வகை என்று வந்தது. அப்பாவுக்கு 61 வயது, முப்பது வருட பீடிப் பழக்கம். பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. முதலில் ரேடியேஷனும் கீமோவும், பிறகு ஆபரேஷன் என்றார்கள். ரேடியேஷன் 23 தடவை, கீமோ வாரம் ஒன்றாக ஐந்து. இது நெதர்லாந்தில் செய்த கிராஸ் என்ற ஆய்விலிருந்து வந்த முறை. அந்த ஆய்வில், இப்படிச் சிகிச்சை எடுத்து ஆபரேஷனுக்குப் போன ஸ்குவாமஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வெட்டியெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றுசெல்லே இல்லை. அந்த ஐந்து வாரமும் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு எண்ணைத்தான்.

ரேடியேஷன் முடிந்து ஆபரேஷனுக்கு ஏழு வாரம் இடைவெளி இருந்தது. எந்த முறையில் செய்வது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

முதலில் போன இடத்தில், "ரோபோட்டிக்ல பண்ணிடலாம், அதுதான் பெஸ்ட், இன்னைக்கே புக் பண்ணிடுங்க" என்றார்கள். சிறு துளைகள் போட்டு, டாக்டரே கையில் கருவிகளைப் பிடித்துச் செய்யும் சாதாரண துளை ஆபரேஷனைவிட இரண்டு லட்சம் போல அதிகம். எதைவிட பெஸ்ட் என்று கேட்டேன். சரியான பதில் இல்லை. தம்பியும் நானும் வீட்டுக்கு வந்து ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தோம். நாங்கள் இருவரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் சுருக்கங்களை மெதுவாகப் படித்தால் புரிகிறது.

நெஞ்சைத் திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா என்பதில் எங்களுக்குச் சீக்கிரமே தெளிவு வந்துவிட்டது. 2012இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த டைம் என்ற ஆய்வில் 115 பேர். முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தது, திறந்து செய்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு, துளை வழியாகச் செய்தவர்களில் 9 சதவீதம் பேருக்கு. முப்பது வருடம் பீடி பிடித்த நுரையீரலை வைத்துக்கொண்டு இதற்கு மேல் என்ன யோசிப்பது?

ரோபோ விஷயம் அப்படி நேராக இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 112 பேரை வைத்துச் செய்த ரோபோட் ஆய்வில் சிக்கல்கள் 80 சதவீதத்திலிருந்து 59 ஆகக் குறைந்தன. அதைப் பார்த்ததும் பணத்தைப் புரட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. தம்பிதான் இன்னொரு தடவை படித்துவிட்டு, "அக்கா, இதுல ரோபோவை ஓப்பன் ஆபரேஷனோடதான் ஒப்பிட்டிருக்காங்க" என்றான். ரோபோவையும் சாதாரண துளை ஆபரேஷனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது சீனாவில் 358 பேரிடம் செய்து 2022இல் வெளிவந்த ஆய்வு. அதில் ரோபோவில் நேரம் நாற்பது நிமிடம் போலக் குறைந்திருந்தது. குரல் நரம்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்களை எடுப்பதிலும் ரோபோ மேலாக இருந்தது. மொத்தச் சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ரோபோ நல்ல கருவிதான். அது இல்லாவிட்டால் அப்பாவுக்குக் குறை வைத்துவிடுவோம் என்ற பயம் மட்டும் எங்களைவிட்டுப் போனது.

இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் செய்பவர். கேட்டதும் அம்மா பயந்துவிட்டார். சர்ஜன் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். உணவுக்குழாய் முதுகெலும்பை ஒட்டி ஓடுகிறது. ஆளைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் நுரையீரல் குறுக்கே நிற்கும், அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கசியும் ரத்தமும் அங்கேயே தேங்கும். குப்புறப் படுத்தால் நுரையீரல் தன் எடையிலேயே முன்பக்கம் சரிந்துவிடும், ரத்தமும் கீழே இறங்கிவிடும். பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரலின் மூச்சை நிறுத்திவைக்க வேண்டிய தேவையும் இருக்காது. இதில் உள்ள கஷ்டத்தையும் அவரே சொன்னார்: திடீரென்று ரத்தம் பீறிட்டால் ஆளைத் திருப்பி நெஞ்சைத் திறக்க நேரமாகும். கேட்காமலே அதைச் சொன்னது எனக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

அப்புறம்தான் தெரிந்தது, இந்த முறையை உலகத்துக்குக் காட்டியவர்களில் நம் கோயம்புத்தூரும் உண்டு. ஜெம் மருத்துவமனையின் டாக்டர் பழனிவேலு குழுவினர் 2006இல், குப்புறப் படுக்கவைத்து ஆபரேஷன் செய்த 130 பேரின் அனுபவத்தை வெளியிட்டிருக்கிறார்கள். டைம் ஆய்விலும் நெஞ்சுப் பகுதியை இந்த நிலையில் வைத்துத்தான் செய்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்ன பிறகு அவர் பயம் பாதி குறைந்தது.

இதைவிட முக்கியமான ஒன்றை நாங்கள் கேட்கவே மறந்திருந்தோம். இணைப்பு எங்கே வரும்? உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி தைத்து மேலே இழுத்து இணைக்கிறார்கள். இணைப்பை நெஞ்சுக்குள் வைத்தால் ஐவர் லூயிஸ் முறை, கழுத்தில் வைத்தால் மெக்கியோன் முறை. கட்டி கீழே இருந்தால் நெஞ்சுக்குள் இணைக்க முடியும். அப்பாவுக்கு நடுவில் இருந்ததால் கழுத்துதான் என்றார் சர்ஜன். கழுத்தில் தையல் ஒழுகும் வாய்ப்பு அதிகம், ஆனால் ஒழுகினால் பெரும்பாலும் வெளியே வரும், கட்டுப் போட்டு ஆற்றலாம். நெஞ்சுக்குள் ஒழுகினால் அது வேறு கதை. நான் கடைசியாக, "இந்த ஆபரேஷன் மாசத்துக்கு எத்தனை பண்றீங்க டாக்டர்?" என்று கேட்டேன். மூன்று நான்கு என்றார், கூட ஐ.சி.யூ.வில் யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் சொன்னார். அன்றே முடிவெடுத்துவிட்டோம். எங்களுக்குக் கருவியைவிட அந்தக் கை முக்கியமாகப் பட்டது.

மீதி நாட்களில் அப்பாவுக்கு ஒரே வேலைதான். மூன்று உருண்டை போட்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை வைத்து மணிக்கொரு தடவை இழுக்க வேண்டும். முதல் நாள் ஒரு உருண்டைதான் எழும்பியது. தினமும் மாடிப்படி ஏறி இறங்கினார். முட்டை வெள்ளையும் புரோட்டீன் பவுடரும் கலந்து கொடுத்தோம். பீடியை நோய் தெரிந்த அன்றே விட்டிருந்தார். ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பு மூன்று உருண்டையும் மேலே போய் நின்றன.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. மறுநாள் காலையில் செயற்கை மூச்சுக் குழாயை எடுத்தார்கள், அன்று சாயங்காலமே நெஞ்சில் வைத்திருந்த வடிகுழாயின் பாட்டிலைத் தம்பி தூக்கிக்கொண்டு கூடவே நடக்க, அப்பா பத்தடி நடந்தார். நுரையீரலில் தொற்று வரவில்லை. ஆனால் ஆறாம் நாள் கழுத்துத் தையலில் ஈரம். எச்சில். டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் உடைந்துபோகவில்லை. இரண்டு தையலைப் பிரித்துவிட்டு தினமும் கட்டு மாற்றினார்கள். வயிற்றில், சிறுகுடலுக்குள் வைத்திருந்த குழாய் வழியாகச் சாப்பாடு போய்க்கொண்டே இருந்தது. பதினாறு நாளில் ஆறியது. குரல் கம்மிப்போய் மூன்று மாதம் கழித்துத்தான் ஓரளவு திரும்பியது, நரம்பை ஒட்டிக் கணுக்களை எடுத்ததால் அப்படி. பயாப்ஸி முடிவில் கட்டி இருந்த இடத்தில் உயிருள்ள புற்றுசெல் இல்லை, எடுத்த 27 கணுக்களிலும் இல்லை. அந்தத் தாளை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இணைப்பு இடம் சுருங்கி மூன்றாம் மாதம் மறுபடி சோறு நின்றது. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. எண்டோஸ்கோபி வழியாக இரண்டு தடவை விரித்துவிட்டார்கள், சரியாகிவிட்டது. இந்தச் சுருக்கம் வரக்கூடும் என்பதை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அப்பா ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் படுப்பதில்லை, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில்தான் தூக்கம்.

போன வாரம் பெருந்துறையிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்தார். அவருக்கும் இதே நோய், அடுத்த மாதம் ஆபரேஷன், ரோபோவா வேண்டாமா என்று கேட்டார். நான் இணைப்பு எங்கே, மாதத்துக்கு எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா போனை என் கையிலிருந்து வாங்கி, இன்னும் கொஞ்சம் கரகரக்கும் குரலில் கேட்டார்: "மாப்ள, உருண்டை மூணும் மேல போகுதுங்களா?"