பட்டர்வொர்த் வகுப்புக்கு ஒரு டெபியன் மிரர்

ஜூலை 7
பிள்ளைகள் எல்லாரும் ஒரே பேக்கேஜை (மென்பொருள் பொதியை) ஆளுக்கு ஒரு தடவை வெளியிலிருந்து இறக்குவது வீண், அதனால் வகுப்பிலேயே டெபியன் மிரர், அதாவது டெபியன் லினக்ஸ் பேக்கேஜ்களின் நகல், வைக்கிறோம். இங்கே இருப்பது ஏஎம்டி64 (சாதாரண 64-பிட் பிசி) கணினிகள்தான். ஆர்ம்64, எஸ்390எக்ஸ் போன்ற மற்றக் கணினி வகைகளுக்கானதை எல்லாம் வடிகட்டிவிட்டு, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியில் இழுத்தால் போதும்.

ஜூலை 8
காலையில் பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்ததுமே தம்பி கேட்டார், "அண்ணே, ஏஎம்டி64.டெப்னு முடியுற பேக்கேஜ் கோப்பைச் சேர்க்க இன்க்ளூட், மத்த எல்லாத்தையும் தள்ள நட்சத்திரம் போட்டு எக்ஸ்க்ளூட், ஆனா ஒண்ணுமே வரலையே?"

ஆர்சிங்க் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் தீர்ப்பு. பேக்கேஜ்கள் இருக்கும் 'பூல்' என்ற ஃபோல்டரும் ஒரு பெயர்தானே, அது முதல் விதியில் சிக்காமல் இரண்டாவதில் சிக்கி அங்கேயே நின்றுவிடும். வாசலைப் பூட்டிய வீட்டில் எந்த அறைக்கும் போக முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே '*/' என்று ஒரு இன்க்ளூட் சேர்த்தோம், ஃபோல்டர்கள் திறந்தன, கோப்புகள் பட்டியலில் வந்தன.

ஜூலை 9
ஆனால் அந்த முறையே எனக்கு வேண்டாம். எந்தக் கணினிக்கும் பொருந்தும் பேக்கேஜ்களின் பெயர் 'ஆல்.டெப்' என்றுதான் முடியும். எழுத்துருக்கள், ஆவணங்கள், பைத்தான் நூலகங்களில் பெரும்பகுதி எல்லாம் அதில்தான். ஏஎம்டி64 மட்டும் என்றால் லோஹித் தமிழ் எழுத்துரு வராது, தமிழ்ப் பிள்ளைகளின் வகுப்பில் அதை எப்படி விடுவது? வேண்டாததைப் பெயர் சொல்லித் தள்ளுவதே சரி: ஆர்ம்64.டெப், ஆர்ம்64.யூடெப் (நிறுவிக்கான சிறு பேக்கேஜ்), பேக்கேஜ் பட்டியல்கள் இருக்கும் 'டிஸ்ட்ஸ்' உள்ளே இருக்கும் பைனரி-ஆர்ம்64 ஃபோல்டர். மற்றக் கட்டமைப்புகளுக்கும் இப்படியே. டெபியன் கையொப்பமிட்ட ரிலீஸ் கோப்பில் அவற்றின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், அதைத் திருத்தினால் கையொப்பம் செல்லாது.

ஜூலை 11
இழுக்கும் வரிசை: முதலில் பூல், அப்புறம்தான் டிஸ்ட்ஸ். பட்டியல் முந்திக்கொண்டு பேக்கேஜ் பிந்தினால் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் கருவி 404 (கோப்பு இல்லை) என்று நின்றுவிடும். பழையதை அழிப்பது கடைசியில். டெபியனின் மிரர் கருவியான எஃப்டிபிசிங்க் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனாலும் தம்பி ஒரு தடவை கையால் எழுதிப் பழகட்டும் என்று விட்டேன்.

டிஸ்க்கில் முன்பே கிடந்த ஆர்ம்64 கோப்புகள் ஆர்சிங்கில் டிலீட் விருப்பம் போட்டும் போகவில்லை, ஏனென்றால் எக்ஸ்க்ளூட் ஆனதை ஆர்சிங்க் அழிக்காமலும் காக்கும். டிலீட்-எக்ஸ்க்ளூடட் போட்டால் போகும், ஆனால் வடிகட்டியில் ஒரு எழுத்து பிசகினாலும் வேண்டியதும் சேர்ந்தே போகும். ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) பட்டியலைத் தம்பி வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார், முடித்ததும் ஓடவிடுகிறோம்.