மாமாவோடு ரயில் காரிடாரில் 21 கிலோமீட்டர்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, வருஷம் முழுக்க வேர்க்கத்தான் செய்கிறது. ஜூன் பள்ளி விடுமுறையைத்தான் நாங்கள் கோடை என்று வைத்துக்கொள்கிறோம். போன ஜூனில் மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. "சனிக்கிழமையும் படுத்தே கிடக்கப் போறியா, வா நடக்கலாம்" என்று இழுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, 68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆனாலும் நடையில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குப் போகலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். 250 மீட்டர் தொங்கு பாலத்தில் நின்று காட்டின் தலையைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். (திங்கட்கிழமை பாலத்தைப் பூட்டிவிடுவார்கள், போகிறவர்கள் கவனிக்கவும்.) ஆனால் அங்கே வேரும் படியும் அதிகம், மாமாவின் முட்டி ஒத்துக்கொள்ளாது. பழைய ரயில் பாதையான ரயில் காரிடாரில் அந்தத் தொல்லை இல்லை. செங்குத்தான மேட்டில் ரயில் ஏறாது. அதனால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சமதரை இப்போது முட்டி வலிக்காரர்களுக்கு உதவுகிறது.

தெரியாதவர்களுக்கு: தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய பழைய பாதை இது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அப்புறம் தண்டவாளத்தைப் பெயர்த்து மலேசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மொத்தத் தடம் 24 கிலோமீட்டர். நாங்கள் நடந்தது கிராஞ்சியிலிருந்து ஸ்பூனர் ரோடு வரை, சுமார் 21.

ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது என் திட்டம். பேராசைதான்.

முதல் சனிக்கிழமை காலை 6.30-க்கு கிராஞ்சி எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் சந்தித்தோம். இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும், ஆகையால் கையில் டார்ச். தொடக்கத்தில் அழகை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பக்கம் சுங்கை காடுட் தொழிற்பேட்டை, லாரிச் சத்தம். போகப் போகப் பச்சை கூடுகிறது. நிழல் மட்டும் கூடவில்லை. எட்டரைக்கே வெயில் கழுத்தைப் பிடித்தது. மாமா குடையை விரித்துக்கொண்டார். எனக்குக் குடை பிடித்து நடக்க வெட்கமாக இருந்தது. ஒன்பது மணிக்கு வெட்கம் போய்விட்டது, ஆனால் என்னிடம் குடை இல்லை.

புக்கிட் பாஞ்சாங்கை நெருங்கும்போது வலது ஷூவின் அடிப்பாகம் அப்படியே கழன்று தொங்கியது. இரண்டு வருஷமாக அலமாரியில் வைத்திருந்த ஷூ, பார்க்கப் புதுசுபோல இருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த நுரை ரப்பர் போடாமல் வைத்திருந்தாலே உள்ளுக்குள் உளுத்துவிடுமாம், பத்து நிமிஷம் நடந்தால் ரொட்டித்தூள் மாதிரி உதிரும். மாமா தன் கைக்குட்டையைக் கிழித்து ஷூவைச் சுற்றிக் கட்டினார். "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்குடா" என்று வேறு. அப்படியே எம்ஆர்டி ஏறி வீடு. நீண்ட நடைக்குப் போகிறவர்கள் முந்தின வாரமே அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நாலு சுற்று வந்துவிடுங்கள்.

ஒரு நாள் திட்டம் இப்படித்தான் மூன்று சனிக்கிழமைகளானது. யோசித்துப் பார்த்தால் ஷூ பிய்ந்ததே நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது சனிக்கிழமை, விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஹில்வியூ தாண்டி ரயில் மால் கடைவரிசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. காற்று திடீரென்று குளிர்ந்தது. மாமாதான் சொன்னார், "இது சுமத்ரா, ஓடு." பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் உருவாகி விடிகாலையிலோ காலையிலோ நம்மை வந்து அடிக்கும் புயல்மழை. காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மழையில் நனைந்தால் பரவாயில்லை, பயம் மின்னலுக்குத்தான். இந்தத் தடமோ திறந்த வெளி. கடைகளின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி, தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றோம். இப்போதெல்லாம் கிளம்பும் முன் வானிலைச் செயலியில் மழைப் படத்தைப் பார்க்காமல் கதவைத் தாண்டுவதில்லை.

மழைக்கு அப்புறம் நடந்த அந்த நாலு கிலோமீட்டர்தான் மொத்தப் பாதையிலும் எனக்குப் பிடித்தது. அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஒரு கறுப்பு இரும்புப் பாலம், கிங் ஆல்பர்ட் பார்க் அருகே இன்னொன்று. இரண்டையும் பிரிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நடுவில் புக்கிட் தீமா காட்டை ஒட்டி நடை. இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்க, சில்வண்டு கத்த ஆரம்பித்தது. ஒரு ஜோடி இருவாச்சி தலைக்கு மேலே பறந்தபோது சிறகுச் சத்தம் காதில் விழுந்தது. ஆசையிருந்தால் பக்கத்திலேயே 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றிலும் ஏறலாம், அல்லது பழைய கல்குவாரியைச் சுற்றி வரும் ரைஃபிள் ரேஞ்ச் பூங்காவுக்குத் திரும்பலாம். நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டோம். காரணம், குரங்கு.

மாமா எலுமிச்சைச் சாதத்தைச் சிவப்பு பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டிருந்தார். குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம். சாதத்தோடு வடையும் போயிற்று. "போனா போகுது, அதுவும் ஜீவன்தானே" என்று மிச்ச பிஸ்கட்டையும் போடப் போனவரைத் தடுத்தேன். காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம். சாப்பாட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், அவ்வளவுதான்.

பாலம் தாண்டியதும் புக்கிட் தீமா ரயில் நிலையம். 2022 ஜூலையில் புதுப்பித்துத் திறந்தார்கள். சின்ன செங்கல் கட்டடம், உள்ளே பழைய நெம்புகோல்கள். மாமா அங்கேதான் அசையாமல் நின்றார். ஒற்றைத் தடம் என்பதால் எதிரே ரயில் வராது என்பதற்கு அடையாளமாக, ஓட்டுநரும் நிலையக்காரரும் ஒரு வளையத்தில் மாட்டிய சாவியைக் கைமாற்றிக்கொள்வார்களாம். ஓடுகிற ரயிலிலிருந்து கையை நீட்டி அதைப் பிடிப்பதை இவர் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். என் அம்மாவைப் பார்க்க மலேசியாவின் குளுவாங்கிலிருந்து வரும்போதெல்லாம் இந்த வழிதான்.

இன்னொரு வேடிக்கையும் சொன்னார். 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆக, ஊருக்குப் போகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, அரை மணி நேரம் கழித்துத்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். "அந்த அரை மணி நேரம் நான் எந்த நாட்டுல இருந்தேன்னு இன்னும் தெரியலடா."

மூன்றாவது சனிக்கிழமை கடைசி 10 கிலோமீட்டர். மூன்றில் இதுதான் சுலபம், நிழலும் இங்கே நிறைய. புவன விஸ்தா, ரயில் நின்று போனதாலேயே அந்தப் பெயர் வாங்கிய தங்ளின் ஹால்ட், அப்புறம் குவீன்ஸ்வே. குவீன்ஸ்வேயில் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் கைகூப்பினார். அங்கே கோயில் எதுவும் தெரியவில்லையே என்று விழித்தேன். தண்டவாள ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் கும்பிட்ட சின்ன முனீஸ்வரன் சன்னதி இந்தப் பக்கம் இருந்ததாம். அதுதான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம். அங்கே எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன், இந்தக் கதை தெரியாது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் சரியாக இருந்தது. வழியில் கழிவறை அரிது, கண்ட இடத்தில் போய்விடுங்கள். மாமாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு பிஸ்கட், கடிகாரத்தில் அலாரம் வைத்துக் கொடுத்தேன்.

பத்தரை மணிக்கு ஸ்பூனர் ரோடு. அங்கிருக்கும் இரண்டு அடுக்குமாடிகள் முன்பு ரயில்வே ஊழியர் குடியிருப்பு. மாமா மேலே மாடிகளைப் பார்த்து ஏதோ எண்ணினார். யார் வீடு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஊட்ரம் பார்க் வரை நடந்து, ஊதாத் தட எம்ஆர்டியில் நான்கே நிறுத்தம், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஆட்டுக்கால் சூப்.

சூப் வரும்வரை மாமா மேசைக்கடியில் குனிந்து என் புது ஷூவின் அடிப்பாகத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. அடுத்த வாரம் எங்கடா?"